எட்டு ஸ்க்ரூ

அத்தியாயம் 6

முதல் குத்தில் மெக்கானிக்கின் ஒரு பல் போனது. இரண்டாவது குத்தில் அதன் பக்கத்துப் பல்லும் துணைக்குப் போனது. மூன்றாவது குத்துக்குக் கையைக் குறுக்கே நீட்டியதில் சுண்டு விரல் ஒடிந்தது. நாலாவது விழுவதற்குள் போலீஸ் வந்து சேர்ந்து, அடித்தவரை விட்டுவிட்டு அடி வாங்கியவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது.

இது நடந்து மூன்று நாள் ஆகிறது.

அடித்தவர் கறிக்கடைக்காரர். அவருடைய ஒரே தங்கை தன் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் மெஷினின் கதவைப் பிடித்த கையை விட முடியாமல் செத்துக் கிடந்தாள். அந்த மெஷினை மூன்று மாதத்தில் ஐந்து தடவை ரிப்பேர் பார்த்தவன் நம் மெக்கானிக். மின் ஆய்வாளர் வந்து பார்த்து இரண்டு வரி எழுதினார்: 'கதவின் இடது ஓரம், கடைசி ஸ்க்ரூ உள்ளே போகும் வயரைக் கடித்து, உடம்பு முழுக்கக் கரண்ட் பாய்ந்திருக்கிறது. எர்த் வயர் கழன்று கிடக்கிறது.' ஒரு மனிதனை ஏழு வருஷம் உள்ளே வைக்க இரண்டு வரி தாராளம்.

ஜாமீன் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் எதுவும் மாறாவிட்டால் ஜெயில். தப்பித் தவறி ஜெயில் வேண்டாம் என்று விட்டுவிட்டால், மிச்சக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கறிக்கடைக்காரர் ஸ்டேஷன் வாசலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்குத் தவறாதவர் என்று அந்தத் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும்.

இப்போது மணி மூன்று பத்து.

"அண்ணி, பையில என்ன வச்சிருக்கீங்க, கருங்கல்லா? ஒரு பக்கமா சாயறீங்க பாருங்க."

"உன் தலையெழுத்தை வச்சிருக்கேன். வாயை மூடிட்டு நட."

"மூடினாலும் காத்து வருது அண்ணி. முன்னாடி ரெண்டு ஜன்னல் திறந்துல்ல கிடக்கு."

அண்ணி என்பவள் அவனுடைய அண்ணன் மனைவி. சர்வீஸ் சென்டரில் புகார் வாங்கும் மேஜையில் பதினாலு வருஷம் உட்கார்ந்து, போனில் பொய் கேட்டே காது பழுத்தவள். 'நான் எதுவுமே பண்ணலைங்க, அதுவாவே நின்னுடுச்சு' என்று ஒருவர் சொல்லும் சுரத்தை வைத்தே, மெஷினுக்குள் காபியை ஊற்றியது அவரா, அவர் மகனா என்று சொல்லிவிடுவாள். போன வருஷம் ஒரு வாஷிங் மெஷினில் சிக்கிய ஒற்றைச் சாக்ஸை வைத்து, இரண்டு கல்யாணம் செய்துகொண்டிருந்த ஒரு வங்கி மேலாளரை அம்பலப்படுத்தினாள். துப்பறிவாளர் என்று அவளுக்குப் போர்டு கிடையாது. சம்பளமும் கிடையாது.

போர்டு என்றால் அவர்கள் வந்து நின்ற இந்த வீட்டை, இறந்தவளின் வீட்டைப் பார்க்க வேண்டும். வாசல் கதவில் முழங்கை நீளப் பித்தளைத் தகடு. அதில் அவள் கணவரின் பட்டங்கள் மட்டும் ஒன்பது வரி. வாழ்வியல் பேராசான், மனித மனச் சிற்பி, வெற்றித் தளபதி என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் அவருடைய தாரக மந்திரம்: 'தொடங்கியதை முழுமையாக முடி.' பதினோரு புத்தகம், நூற்றுக்கணக்கான மேடை. ஊரில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டு முன்னேறிவிட்டதாக நம்பினார்கள். மீதிப் பேர் டிக்கெட் கிடைக்காதவர்கள்.

உள்ளே இறந்தவளுக்கு அஞ்சலிக் கூட்டம். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் உள்ளே போய்க் கதவு மூடும்போதும் அந்தப் பித்தளைத் தகடு கதவில் மோதி 'டக்' என்றது.

அண்ணி ஒரு நிமிஷம் நின்று அதைக் கேட்டாள். பிறகு கொழுந்தனின் காலரைப் பிடித்து வீட்டின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ரிப்பேர் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த வீட்டில் முன்வாசல் கிடையாது. இன்றைக்கு அது வசதியாகப் போயிற்று.

சமையலறை பளபளவென்றிருந்தது. கரி பிடித்திருந்தது ஒரு பிளக் மட்டும். மெஷின் கதவைச் சுற்றி போலீஸ் ஒட்டிய காகிதப் பட்டை பாதி உரிந்து தொங்கியது. நடுக்கூடத்திலிருந்து பேராசானின் குரல் மைக்கில் வந்தது. நாற்பது பேர் உட்கார்ந்த அறைக்கு மைக்.

"என் துணைவி ஒரு தீபம். தீபம் அணையலாம், ஒளி அணையுமா?"

"போன மாசம் பால் கம்பெனிக்காரன் செத்தப்பவும் இதேதான் பேசினார் அண்ணி. அங்க 'என் நண்பர் ஒரு தீபம்'. ஆளு மட்டும்தான் மாறுது."

"சரி, இப்ப நோயைச் சொல்லு. அஞ்சு தடவையும் என்ன கோளாறு?"

மெக்கானிக்குக்கு அதைச் சொல்லும்போது மட்டும் நகைச்சுவை நின்றுவிடும். "அஞ்சு தடவையும் ஒரே கோளாறுதான். ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல சிவப்பு லைட்டு ஏழு தடவை மின்னும், அப்படியே நின்னுடும். கதவுக்குள்ள இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டு செத்திருக்கும். அது மேல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். மெஷினுக்குப் போடற உப்புதான், எங்கேயோ கசியுதுன்னு நினைச்சு மாத்திட்டு வந்துடுவேன்."

"உப்பு டப்பா எங்க இருக்கு?"

"அடியில."

"போர்டு?"

"கதவு உச்சியில."

"உப்பு மாடி ஏறுமா தம்பி?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். இரண்டு ஜன்னலிலும் காற்று மட்டும் வந்தது.

அண்ணி ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். புகார் நோட்டிலிருந்து குறித்துக்கொண்டு வந்த ஐந்து தேதிகள். "அஞ்சு தடவையும் போன் பண்ணது அந்தப் பொண்ணுதான். அழாத குறையா பேசும். 'நேத்துதான் இவர் வெளியூர்லேருந்து வந்தாரு, இன்னைக்கு மெஷின் நின்னுடுச்சு.' அஞ்சு தடவையும் அதே பேச்சு. நடுவுல அவர் மூணு வாரம் ஊர்லயே இல்லை. அந்த மூணு வாரமும் மெஷின் ஒரு தும்மல்கூட போடலை."

"மெஷினுக்கு அவர் மேல அவ்வளவு பாசமா?"

"நீ ரிப்பேர் பார்க்கும்போது அவர் எங்க இருப்பார்?"

"என் தலைமாட்டுல. பிரிக்கப் பிரிக்கப் பக்கத்துல நின்னு, ஸ்க்ரூ டிரைவரை எப்படிப் பிடிக்கணும்னு வகுப்பு எடுப்பார். போர்டு வெளியே வர்ற வரைக்கும் நிப்பார். அப்புறம் யாராவது மாலை போடக் கூப்பிடுவாங்க, போயிடுவார். மாட்டும்போது நான் தனியாத்தான் மாட்டுவேன்."

அண்ணி மெஷின் கதவைக் கீழே சாய்த்துத் திறந்தாள். கதவின் உள் ஓரத்தில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு ஸ்க்ரூ தலைகள் வரிசையாகத் தெரிந்தன. "எண்ணு."

"எட்டு."

"நீ எத்தனை மாட்டின?"

"எட்டு. ஸ்டேஷன்லயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே. எட்டையும் முறையாக, முழுமையாக மாட்டினேன்னு..."

"ஸ்டேஷன்ல சொன்னதை விடு. அண்ணிகிட்ட சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். பதில் வருவதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. தண்ணீர் குடிக்க வந்த கறிக்கடைக்காரர் நின்றார்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டே எட்டில் வந்து மெக்கானிக்கின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, திறந்திருந்த மெஷின் கதவின் மேல் முகத்தை அறைந்தார். உள்ளே அடுக்கியிருந்த தட்டுகள் சிதறித் தரையில் நொறுங்கின. மறுபடி தூக்கினார், மறுபடி அறைந்தார். மூக்கிலிருந்து ரத்தம் எவர்சில்வரில் வழிந்தது. அவருடைய வலது கை, கண் பார்க்காமலே மேடையில் துழாவி, இருந்த நாலு கத்தியில் சரியான கத்தியை எடுத்தது. முப்பது வருஷத் தொழில்.

"என் தங்கச்சி செத்த இடத்துலயே வந்து நிக்கிறியா நீ? இங்கேயே முடிச்சிடறேன்."

கத்தி நுனி மெக்கானிக்கின் காதுக்குக் கீழே பதிந்தது. ஒரு துளி ரத்தம் காலருக்குள் இறங்கியது.

"அண்ணாச்சி," என்றாள் அண்ணி. குரல் புகார் மேஜைக் குரல். எதிரில் எரிமலை வெடித்தாலும் 'உங்க முகவரி சொல்லுங்க' என்று கேட்கிற குரல். "ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

"அண்ணி! உங்க இஷ்டம்னா என்ன அர்த்தம்?"

"எத்தனை ஸ்க்ரூ மாட்டின? இப்பப் பொய் சொன்னா நானே பிடிச்சுக் கொடுப்பேன்."

"ஆறு!" என்று அலறினான் மெக்கானிக். "ஆறுதான்! ரெண்டாவது ரிப்பேர்லேருந்தே ஆறுதான்! கீழே ரெண்டு பக்கமும் கடைசி ஒண்ணை மாட்டறதில்லை. மாட்டணும்னா தரையில படுக்கணும், முதுகு பிடிச்சிக்கும். ஆறு போதும், கதவு ஆடாது. ரெண்டு மிச்சம் வைக்காத மெக்கானிக் இந்த உலகத்துல எவன் இருக்கான்? ஸ்டேஷன்ல அதைச் சொன்னா அலட்சியம்னு உள்ள போட்டுடுவாங்கன்னு பயந்து எட்டுன்னு எழுதிட்டேன்!"

"அலட்சியமாடா?" கத்தி இன்னும் கொஞ்சம் இறங்கியது. "அந்த அலட்சியத்துல..."

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க." அண்ணி மின் ஆய்வாளரின் அறிக்கை நகலை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "வயரைக் கடிச்சது எந்த ஸ்க்ரூன்னு படிங்க."

கறிக்கடைக்காரர் படித்தார். உதடு அசைந்தது. "இடது ஓரம்... கடைசி ஸ்க்ரூ."

"அந்த இடத்துல இவன் ஸ்க்ரூவே மாட்டலை. இப்ப அங்க ஒண்ணு இருக்கு. பாருங்க. மேல இருக்கிற ஆறுக்கும் தலையில நட்சத்திரம் மாதிரி பள்ளம். கீழே இருக்கிற ரெண்டுக்கும் ஒத்தைக் கோடு. நிறமும் வேற."

கறிக்கடைக்காரர் மெக்கானிக்கின் தலையை விடாமலே குனிந்து பார்த்தார். மெக்கானிக்கும் வேறு வழியில்லாமல் குனிந்து பார்த்தான். ரத்தம் தோய்ந்த ஒரே கதவின் மேல் இரண்டு தலைகள்.

கறிக்கடைக்காரர் அதிகம் படிக்காதவர். ஆனால் அவர் தொழிலில் எண்ணிக்கை உண்டு. "எங்க கடையில," என்றார் மெதுவாக, "பிரிச்ச ஆட்டுல ஒரு எலும்பு கூடுதலா வந்தா, அது வேற ஆட்டோடது."

"அதேதான்."

கத்தி காதை விட்டு அகன்றது. தலைமுடியை மட்டும் அவர் விடவில்லை. பழக்கம்.

"துக்க வீட்டில் இது என்ன ஆரவாரம்?"

பேராசான் வாசலில் நின்றார். வெள்ளை உடை. அவருக்குப் பின்னால் கூட்டம் எட்டிப் பார்த்தது. முன்வரிசையில் இந்த வழக்கைப் பார்க்கும் சப்-இன்ஸ்பெக்டர், பேராசானிடம் கையெழுத்து வாங்கிய புத்தகத்தை மார்போடு அணைத்தபடி. பேராசான் வீட்டுக்குள்ளும் மேடைத் தமிழ்தான் பேசுவார். குளியலறையில் சோப்பு தீர்ந்தால்கூட 'நுரை வற்றியது' என்பார் என்று கேள்வி.

"மச்சான், அவனை விடுங்கள். சட்டம் தன் கடமையைச் செய்யும். எட்டு என்று எழுதிக் கொடுத்தவன் இன்று ஆறு என்கிறான். பிழைப்புக்காகப் பொய் சொல்கிறான்."

"பொய்யைத்தான் ஸ்டேஷன்ல சொன்னான் சார். நிஜத்தை நான் சுமந்துட்டு வந்திருக்கேன்." அண்ணி பையைத் திறந்து ஒரு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். பழைய காலத்துக் கனத்த பெட்டி. "ரெண்டாவது ரிப்பேர் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் இவன் எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குக் கைப்பிடி மாட்டிக் கொடுத்தான். கைப்பிடியில ரெண்டு ஸ்க்ரூ. தலையில நட்சத்திரம். இஸ்திரிப் பெட்டிக்கு இந்த ஸ்க்ரூ எப்படி வந்துச்சுன்னு ரெண்டு மாசமா சட்டை தேய்க்கும்போதெல்லாம் யோசிச்சேன்."

"அண்ணி, தெரிஞ்சுமா இத்தனை நாள் கேட்கலை?"

"ஓசியில பண்ணிக் கொடுத்த. கேட்பாங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெட்டியைப் பார்த்தார். மெஷின் கதவைப் பார்த்தார். "அப்ப கோடு போட்ட இந்த ரெண்டு ஸ்க்ரூ எங்கேருந்து வந்தது?"

அண்ணி விரலை உயர்த்தி, கேளுங்கள் என்பதுபோல நின்றாள். கூடத்தில் யாரோ தாமதமாக வந்த ஒருவர் உள்ளே நுழைந்து வாசல் கதவைச் சாத்தினார்.

'டக்.'

"வாசல்ல நாலு ஸ்க்ரூ போட்ட தகடு ஆடாது," என்றாள் அண்ணி. "கீழே ரெண்டு இல்லைன்னாத்தான் தாளம் போடும்."

பேராசான் தன்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசமா கதவு இடுக்கு வழியா போர்டுக்கு உப்புத் தண்ணி ஊத்தினது நீங்க சார். மெஷின் ஓயாம ரிப்பேர், மெக்கானிக் உதவாக்கரைன்னு ஊருக்குத் தெரியணும். எப்படிப் பிரிக்கிறதுன்னு தலைமாட்டுல நின்னு கத்துக்கிட்டீங்க. அஞ்சாவது ரிப்பேர் முடிஞ்சதும், உங்க மனைவி கடைக்குப் போன நேரமா பார்த்து நீங்களே பிரிச்சு, எர்த் வயரைக் கழட்டி, கரண்ட் வயரை இடது ஓரத்துக் கடைசி ஓட்டைக்கு நேரா இழுத்து வச்சீங்க. மறுபடி மாட்டப் போனா கையில ஆறு ஸ்க்ரூ. ஓட்டை எட்டு. ஒரு மெக்கானிக் ரெண்டை அமுக்கியிருப்பான்னு உங்க புத்திக்கு எட்டலை. நீங்களே ரெண்டைத் தொலைச்சுட்டதா நினைச்சீங்க. ஓட்டையைச் சும்மா விட மனசு வருமா? வாசல்லேருந்து ரெண்டைக் கழட்டி மாட்டிட்டீங்க."

"கற்பனை. நல்ல கற்பனை." பேராசான் சிரிக்க முயன்றார்.

"ஆனா ஒண்ணு சார், நீங்க ஒழுங்கா தேடலை. ரெண்டு நிமிஷம் தேடிட்டு, சோம்பேறித்தனமா பாதியிலேயே விட்டுட்டீங்க."

"பாதியிலா?" குரல் உடைந்து மேலே போனது. "நானா? என் வாழ்க்கையில் எதையும் நான் பாதியில் விட்டதில்லை! ஒரு மணி நேரம் தேடினேன்! ஃப்ரிட்ஜையே நகர்த்தி, தரையில் ஊர்ந்து..."

நிறுத்தினார்.

அடுத்த கணம் அடுப்பின் மேலிருந்த இரும்பு வாணலி அவர் கையில் இருந்தது. அண்ணியின் தலையைக் குறி வைத்து முழு பலத்தோடு வீசினார். அண்ணி பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கினாள். இரும்போடு இரும்பு மோதிய ஓசையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாணலி கைநழுவி, பேராசானின் காலிலேயே விழுந்தது. அவர் அலறி முடிப்பதற்குள் கறிக்கடைக்காரர் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அடித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. சுண்ணாம்பு உதிர்ந்தது. பின்மண்டையிலிருந்து வெள்ளை உடையில் சிவப்புக் கோடு இறங்கியது.

"பதினோரு புத்தகமும் அவ எழுதினது மாப்பிள்ளை," என்றார் கறிக்கடைக்காரர். குரல் கிட்டத்தட்ட அன்பாக இருந்தது. "அடுத்ததை என் பேர்ல போடப் போறேன் அண்ணேன்னு என்கிட்ட சொன்னா. உன்கிட்டயும் சொன்னாளா? சொல்லியிருப்பா. அவளுக்கு மறைக்கத் தெரியாது." கத்தி உயர்ந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் தேடினார். அஞ்சலிக் கூட்டத்துக்கு அதை எடுத்து வரவில்லை. புத்தகம்தான் இருந்தது.

கத்தி இறங்கிய பாதையில் இஸ்திரிப் பெட்டி வந்தது. கறிக்கடைக்காரரின் மணிக்கட்டில் அண்ணி இரண்டு கையாலும் ஓங்கி அடித்த அடியில் எலும்பு முறியும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கத்தி பேராசானின் காது மடலைக் கொஞ்சம் சீவிவிட்டுச் சிங்க்கில் விழுந்தது.

"மன்னிச்சிக்கோங்க அண்ணாச்சி," என்றாள் மூச்சு வாங்க. "இவரு செத்தா உண்மையைச் சொல்ல ஆள் இல்லை. எங்க வீட்டுப் பையன் உள்ள போவான். இவருக்குச் சிலை வைப்பாங்க. உங்க தங்கச்சி பேரு கடைசி வரைக்கும் வெளியே வராது. பாதியில விடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன்."

கறிக்கடைக்காரர் ஒடிந்த கையைப் பார்த்தார். சுவரோடு சரிந்துகொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவர் கழுத்திலிருந்த இடது கையை, ஒவ்வொரு விரலாக, விட்டார்.

மணி நாலு ஐம்பதுக்கு பேராசானை ஜீப்பில் ஏற்றினார்கள். போலீஸ்காரர் ஒருவர் வாசல் தகட்டின் மிச்ச இரண்டு ஸ்க்ரூவையும் சாட்சிக்காகக் கழற்றினார். ஒன்பது வரிப் பட்டமும் மந்திரமும் கழன்று அவர் கால் பெருவிரலில் விழ, அவர் பதிலுக்குச் சொன்ன பட்டம் எந்தத் தகட்டிலும் பொறிக்கத் தக்கதல்ல.

"பிரிக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்தார்," என்றான் மெக்கானிக், மூக்கில் துணியை வைத்துக்கொண்டு. "மாட்டறதையும் ஒரே ஒரு தடவை நின்னு பார்த்திருந்தா தப்பிச்சிருப்பார் அண்ணி. ஆரம்பிச்சதை முழுசா முடிக்கலை."

"நீ முதல்ல ஸ்டேஷனுக்குப் போய் எட்டை அடிச்சுட்டு ஆறுன்னு எழுதிக் கொடு. அப்புறம் தத்துவம் பேசலாம்."

படிக்கட்டில் கறிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒடிந்த வலது கை மடியில். இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைச் சிரமப்பட்டு எடுத்து நீட்டினார். மெக்கானிக் ஓர் அடி பின்வாங்கிவிட்டுத்தான் வாங்கினான். பிரித்தால் உள்ளே அவனுடைய இரண்டு பற்கள்.

"அன்னைக்கு என் கையில குத்தி நின்னுடுச்சு," என்றார் கறிக்கடைக்காரர், அவன் முகத்தைப் பார்க்காமல். "எடுத்து வச்சேன். டாக்டர்கிட்ட கொடுத்தா திருப்பி மாட்டுவாங்களாமே. செலவை நான் பார்த்துக்கறேன் தம்பி."

மெக்கானிக் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேணாம் அண்ணாச்சி. பிரிச்சா ரெண்டு மிச்சம் இருக்கணும். இப்பத்தான் நீங்க சரியான மெக்கானிக்."

மூன்று நாளில் முதல் தடவையாகக் கறிக்கடைக்காரர் சிரித்தார். தோள் குலுங்கியது. அது எந்த இடத்தில் சிரிப்பாக இல்லாமல் போனது என்று பக்கத்தில் நின்ற இருவருக்கும் தெரிந்தது. அண்ணி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். ஸ்டேஷன் கெடுவான ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.